மான் ரே: புகைப்படக்காரரா, ஓவியரா?

ஒளிநிழல்:
அமெரிக்கக் கலைஞர் மான் ரே ஓவியம், சினிமா, சிற்பம் என எல்லாவற்றிலும் கைவைத்தார். ஆனால் புகைப்படம் இல்லையென்றால் இன்று அவரை யார் நினைக்கப்போகிறார்கள்? கேமராவே இல்லாமல், ஒளியுணர் தாளில் பொருள்களை நேரடியாக வைத்து வெளிச்சம் காட்டி 1922-இல் அவர் உருவாக்கிய ரேயோகிராஃப் படங்களைப் பாருங்கள். அவருடைய காதலியும் மாடலுமான கிகியின் வெற்று முதுகை வயலினாக்கிய 1924-ஆம் வருடப் படம் 2022 ஏலத்தில் 1.2 கோடி டாலரைத் தாண்டியது. மற்றதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்தான்.

தூரிகை:
விலையை வைத்தா கலைஞரை அளப்பது? 1921-இல் பாரிஸ் வந்தபோது அவர் ஓவியர். ஓவியம் சோறு போடாததால்தான் ஆடை வடிவமைப்பாளர் பொவாரேயின் ஃபேஷன் உடைகளைப் படமெடுத்தார். நீங்கள் சொல்லும் அந்த வயலின் துளைகளும் அச்சிட்ட படத்தின் மேல் கையால் தீட்டியவை. அதை மறுபடி படமெடுத்தார், அவ்வளவுதான். அவருடைய உதவியாளரும் காதலியுமாக இருந்த புகைப்படக்காரர் லீ மில்லர் பிரிந்துபோன 1932-இல் தொடங்கிய 'காதலர்கள்' ஓவியத்தைப் பாருங்கள். வானத்தில் மிதக்கும் அந்த உதடுகள் இரண்டரை மீட்டர் அகலம். கட்டிலுக்கு மேலே மாட்டிவைத்து இரண்டு வருடம் தீட்டினார். வேண்டாவெறுப்பாகச் செய்கிற வேலையா இது?

ஒளிநிழல்:
உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த உதடுகளைவிட, படத்தைக் கழுவும்போது நடுவில் வெளிச்சம் காட்டும் சோலரைசேஷன் முறையில் வந்த, விளிம்பில் கருங்கோடு ஓடும் முகங்கள்தான் புதிய பார்வையைத் தந்தன.

நெகட்டிவ்:
அந்தப் பெருமையை அவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். இருட்டறையில் காலின் மேல் ஏதோ ஓடியதும் பதறி விளக்கைப் போட்டவர் லீ மில்லர். அவரே சொன்ன சம்பவம் இது. விளைவைப் பார்த்து இருவரும் சேர்ந்துதான் அதை வளர்த்தார்கள். பல வருடங்கள் மான் ரே பெயரை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

அப்புறம், நீங்கள் இருவருமே அவர் செய்த பொருள்களை விட்டுவிட்டீர்கள். தையல்காரர் வீட்டுப் பிள்ளை, இஸ்திரிப் பெட்டியின் அடியில் 14 ஆணிகளை ஒட்டி 'பரிசு' என்று பெயர் வைத்தார். துணியைத் தேய்த்தால் கிழித்துவிடும்! 1921-இல் செய்தது, இன்றும் பார்த்தால் உடம்பு கூசுகிறது.

தூரிகை:
சோலரைசேஷன் பற்றி நீங்கள் சொல்வது முழு உண்மை. ஆனால் பொருள்களுக்குப் பின்னாலும் நான் ஓவியரைத்தான் பார்க்கிறேன்.

நெகட்டிவ்:
இசைப் பயிற்சிக்குத் தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் ஊசியில் கண்ணின் படத்தை ஒட்டிய 'அழிக்கப்பட வேண்டிய பொருள்' எங்கே சேரும்? 1957-இல் மாணவர்கள் அதை உடைத்தார்கள். அவர் மறுபடி செய்து 'அழிக்க முடியாத பொருள்' என்று பெயர் மாற்றினார். அதில் தூரிகை வேலை எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.