புதுப்பிப்பு: அப்புச்சியின் நெஞ்சு வீக்கத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டது

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் அப்புச்சி வழுக்கி, தொட்டித் திட்டில் விலா அடிபட விழுந்தார், மறுநாள் நெஞ்சும் கழுத்தும் வீங்கிவிட்டன, இது என்ன என்று. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க என்று விரட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

எக்ஸ்ரேயில் விலா எலும்பு முறிவு தெரிந்தது. முறிந்த முனை நுரையீரலைக் குத்தி, அங்கிருந்து கசிந்த காற்று தோலுக்கு அடியில் பரவியிருக்கிறது. கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே விரலை லேசாக அழுத்தினால் கல்லுப்பை நெரிப்பது போல நறநறவென்று உள்ளே நொறுங்கும். விரலுக்கும் தெரியும், காதுக்கும் கேட்கும். இதுதான் முக்கிய அடையாளமாம். மாலைக்குள் கண் இமைகள்கூட உப்பி, குரலும் மாறிவிட்டது. அரிப்போ தடிப்போ இல்லவே இல்லை. அதனால் பூச்சிக்கடி, ஒவ்வாமை என்று வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் காத்திருக்காதீங்க.

நெஞ்சில் குழாய் போட்டு, தண்ணீர் பாட்டில் வழியாகக் காற்றை வெளியேற்றினார்கள். தோலடியில் தங்கிய காற்றை உடம்பே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும், தனியாக எடுக்க வேண்டியதில்லை என்றார் டாக்டர். பல் சிகிச்சைக்குப் பிறகும் அபூர்வமாகக் கன்னத்தில் இப்படி வரலாமாம்.

இப்போது குழாயை எடுத்துவிட்டார்கள். இமை வற்றிவிட்டது, கழுத்தில் மட்டும் கொஞ்சம் மிச்சம். அப்புறம் ஒன்று: அடிபட்டவருக்கு மூச்சுத்திணறலோ, விழுங்கச் சிரமமோ, உதடு நீலம்பாய்வதோ இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்க.