பிளவைக் கடக்கும் புதைகுழாய்: ஸ்ட்ரெஸ் எப்படிப் போட்டாலும் ஃபெயில் ஆகிறது

பாளைக்காரன்

வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தபடி பைப் ஸ்ட்ரெஸ் (குழாயில் ஏறும் தகைவைக் கணக்கிடும்) வேலை பார்க்கிறேன். இப்போது கையில் இருப்பது துருக்கியில் ஓர் எரிவாயுக் குழாய். 24 அங்குல விட்டம், எக்ஸ்65 என்ற எஃகு ரகம், சுவர்த் தடிமன் 12.7 மி.மீ., மேலே ஒரு மீட்டர் மண். நிலநடுக்கத்தில் நகரும் வடக்கு அனத்தோலியப் பிளவை 60 டிகிரியில் கடக்கிறது. பிளவு பக்கவாட்டில் 2.5 மீட்டர் நகரும் என்று வைத்துக் கணக்கிடச் சொல்கிறார்கள். சீசர் டூ என்ற குழாய்க் கணக்கு மென்பொருளில் போட்டால் ஸ்ட்ரெஸ் எங்கேயோ போகிறது. தடிமனைக் கூட்டலாம் என்கிறார் ஒருவர், 2.5 மீட்டர் ஆழத்தில் புதைத்தால் மண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்கிறார் இன்னொருவர். பிளவிலிருந்து 60 மீட்டரில் ஒரு வளைவும் இருக்கிறது. எதைத் தொடுவது?

தேரிக்காட்டான்

தம்பி, ஆழப் புதைக்கிற பேச்சை முதலில் விடுங்கள். மண் இறுக்கிப் பிடிப்பதுதான் இங்கே வினையே.

நான் திசையன்விளைக்காரன், குழாய் வேலையில்தான் தலை நரைத்தது. எங்கள் தேரியில், அதாவது செம்மணல் காட்டில், புதைத்த குழாயை இழுத்தால் மணல் வழிவிடும். கோவில்பட்டிக் கரிசலில், அதுவும் காய்ந்த கோடையில், இழுத்துப் பாருங்கள், அசையாது. பிளவில் நீங்கள் கேட்க வேண்டியது தேரி மண்ணை.

கணக்காகவே பார்ப்போம். எபாக்சி பூச்சு, உராய்வுக் கோணம் 35 டிகிரி உள்ள மணல், கனமீட்டருக்கு 18 கிலோநியூட்டன். மேலே ஒரு மீட்டர் மண் இருந்தால் குழாயின் நீளவாக்கில் மீட்டருக்குச் சுமார் 13 கிலோநியூட்டன் உராய்வு. 2.5 மீட்டர் மண் போட்டால் 28. உங்கள் குழாய் யீல்டு ஆக, அதாவது பழைய நீளத்துக்குத் திரும்பாதபடி நீளத் தொடங்க, ஏறத்தாழ 10,700 கிலோநியூட்டன் வேண்டும். ஆக, முதல் வகையில் ஒவ்வொரு பக்கமும் 830 மீட்டர் குழாய் இழுவையைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஆழப் புதைத்தால் 385 மீட்டர்தான். யீல்டுக்குள்ளேயே முதலாவது இருபக்கமும் சேர்த்து 1.8 மீட்டர் நீளும், இரண்டாவது 0.84 மீட்டர். 60 டிகிரியில் 2.5 மீட்டர் நகர்ந்தால் குழாய் நீள வேண்டியது 1.25 மீட்டர். எது தாங்கும் என்று நீங்களே சொல்லுங்கள். வளைவதால் வரும் ஸ்ட்ரெயின் (நீளம் மாறும் விகிதம்), உள்ளழுத்தம், வெப்பம் எல்லாம் இதற்கு மேலே வரும், அது தனி.

அந்த 60 மீட்டர் வளைவு இருக்கிறதே, அது குழாயை நகரவிடாத ஆங்கராக நின்றுவிடும். அந்தப் பக்கத்து 770 மீட்டர் இருந்தும் இல்லாதது மாதிரிதான். ரூட்காரர்களோடு சண்டை போடுவதென்றால் இதற்காகப் போடுங்கள். தடிமனைக் கூட்டுவது நல்லதுதான், ஆனால் வளைவை வைத்துக்கொண்டு கூட்டுவதில் பெரிய லாபமில்லை. கூட்டினால் தடிமன் மாறும் இடத்தைப் பிளவுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம் திசை. அந்தப் பிளவில் வடபக்கம் கிழக்கே போகும். குழாய் தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கடந்தால் இழுபடும். தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கடந்தால் நசுங்கும். அதே 60 டிகிரிதான், விதி வேறு. 1999 இஸ்மித் நிலநடுக்கத்தில் குல்லர் என்ற இடத்தில் 2.2 மீட்டர் விட்டமுள்ள ஸ்டீல் தண்ணீர்க் குழாய் அப்படித்தான் அமுங்கிச் சுவர் மடிந்து ஒழுகியது. பிளவு ஏறத்தாழ 3 மீட்டர் நகர்ந்தும் அது இரண்டாக அறுந்துபோகவில்லை.

சிவகிரி மாரி

அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று. சீசர் டூ ஸ்டீல் யீல்டு ஆவதைக் கணக்கில் எடுக்காது. எக்ஸ்65 யீல்டைத் தொட 0.22 சதவீத ஸ்ட்ரெயின் போதும். பிளவுக் கடப்பில் அதைத் தாண்டுவது சகஜம். ஆகவே ஸ்ட்ரெஸ்ஸை விட்டு ஸ்ட்ரெயினைப் பாருங்கள். அமெரிக்கன் லைஃப்லைன்ஸ் அலையன்ஸ் 2001 வழிகாட்டிப்படி, நிலநடுக்கத்துக்குப் பின்னும் குழாய் ஓட வேண்டுமென்றால் இழுவையில் 2 சதவீதம். அமுக்கத்தில் உங்கள் தடிமனுக்கு, உள்ளழுத்தம் இல்லாதபோது, 0.8 சதவீதம்தான் வரும். திசையைப் பற்றி அண்ணாச்சி ஏன் அத்தனை அழுத்திச் சொல்கிறார் என்று இதிலேயே தெரியும். யீல்டுக்கு மேலும் கணக்கிடும் அபாகஸ் போன்ற ஒரு மென்பொருளில் இருபக்கமும் ஒரு கிலோமீட்டர் எடுத்து, நீளவாக்கு, பக்கவாட்டு, மேல், கீழ் என மண்ணின் பிடிப்புக்குப் பதிலாக ஸ்பிரிங் கொடுத்து, ஒருபக்க மண்ணை மட்டும் நகர்த்துங்கள்.

தென்காசி வாசகி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் பக்கம் அச்சன்கோவில் பிளவு என்கிறார்களே, தாமிரபரணித் தண்ணீர்க் குழாய்களுக்கும் இப்படிப் பார்க்க வேண்டாமா?

தேரிக்காட்டான்

அம்மா, அது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறை நொறுங்கி இழைந்த பட்டை. அனத்தோலியப் பிளவு மாதிரி இன்றைக்கு மீட்டர் கணக்கில் நகர்கிற சங்கதி இல்லை. ஐஎஸ் 1893 என்ற இந்திய நிலநடுக்கத் தரநிலையின் 2016 பதிப்பு வரைபடத்தில் நெல்லைச் சீமை அபாயம் குறைந்த இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது. நம் குடிநீர்க் குழாய்க்கு அதைவிடக் கரிசல் ஊதி வற்றுவதுதான் தலைவலி. இணைப்பு ரப்பர் வளையத்தைப் பாருங்கள்.

பாளைக்காரன்

அண்ணாச்சி, வரைபடத்தைத் திருப்பிப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து வடகிழக்குதான், தப்பித்தோம். வளைவைத் தள்ளிவைக்கக் கேட்டிருக்கிறேன். அகழியில் மணல் போட்டால் போதுமா?

தேரிக்காட்டான்

போதாது. அகழியின் சுவர் செங்குத்தாக இருந்தால் குழாய் பக்கவாட்டில் போய் அதில்தான் முட்டும். சரிவாக, அகலமாக வெட்டச் சொல்லுங்கள். மணலைத் தளர்வாகவே போடட்டும், கல் இருக்கக் கூடாது. சைட்டில் ரோலர் விட்டு இறுக்கப் பார்ப்பார்கள், அவர்களுக்கு அதுதான் பழக்கம். டிராயிங்கிலேயே கூடாது என்று எழுதிவிடுங்கள்.