கோழியைக் காக்க வைத்த கூண்டில் ஜெனட் அகப்பட்டால் எங்கே விடுவது?

கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் வாசகி):

வணக்கம். எங்கள் வீடு சில்வர்கிளென் இயற்கைக் காப்பகத்துக்கு அருகில் இருக்கிறது. வரும் ஆடி மாதத்து மாரியம்மன் பூசைக்கென்று வளர்க்கும் சேவல்களில் இரண்டை இரவில் ஏதோ கொன்றுபோட்டதால், பெருச்சாளியாக இருக்கும் என்று எண்ணி என் கணவர் முருங்கை மரத்தடியில் கம்பிக் கூண்டு வைத்தார். விடிந்து பார்த்தால், உடலெங்கும் துருநிறப் புள்ளிகளும் வளையமிட்ட நீண்ட வாலும் உடைய, பூனையைவிட மெலிந்த விலங்கு ஒன்று உள்ளே சீறிக்கொண்டிருக்கிறது. கிட்டே போனால் கடும் நெடி வீசுகிறது. இது ஜெனட் என்ற, புனுகுப்பூனைக் குடும்பத்துக் காட்டு விலங்கு என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். வண்டியில் ஏற்றிப் போய் டோங்காட் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் விட்டுவிடலாம் என்கிறார் என் கணவர். அப்படிச் செய்யலாமா?

பதில் 1 (வெருலம் வாசி):

அம்மா, தயவுசெய்து அதை டோங்காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். இங்கே காட்டு விலங்கைப் பிடித்து வேறிடத்துக்கு மாற்ற மாகாண அனுமதி வேண்டும். நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அதைக் கவனிப்பது எசெம்வேலோ என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு. சட்டம் ஒருபுறமிருக்க, பழகாத இடத்தில் விடப்பட்ட விலங்குக்கு ஒளியவும் இரை தேடவும் இடம் தெரியாது; அங்கே ஏற்கெனவே இருக்கும் ஜெனட்டுகளோடு சண்டையிட வேண்டிவரும். தை மாதம் இங்கே கோடைக்காலம், குட்டி ஈனும் பருவம். அகப்பட்டது பால் கொடுக்கும் தாயாக இருந்தால், உங்கள் வீட்டுப் பக்கத்து மரப்பொந்தில் குட்டிகள் பட்டினியால் மடியும்.

முதல் வேலையாக, ஒரு தடித்த போர்வையை மெதுவாகக் கூண்டின் மேல் போடுங்கள். இருட்டானதும் அதன் சீறல் அடங்கும். தை மாத வெயிலில் இரும்புக் கூண்டு சுட்டுவிடும் என்பதால் நிழல் முக்கியம். கூண்டை நகர்த்த நேர்ந்தால், போர்வை மூடியிருக்க, மேல் கைப்பிடியை மட்டும் பிடித்துத் தூக்குங்கள், கம்பிக்குள் விரல் போகவே கூடாது. பிறகு எசெம்வேலோவுக்கோ வனவிலங்கு மீட்பாளருக்கோ தொலைபேசியில் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். காயமில்லாத, வளர்ந்த விலங்கு என்றால், பிடித்த இடத்திலேயே விடச் சொல்வார்கள் என்று நினைக்கிறேன். ஜெனட் இரவில் நடமாடுவது. ஆகவே அந்தி மயங்கும் நேரமே ஏற்றது. நாயையும் பிள்ளைகளையும் வீட்டுக்குள் அடைத்துவிட்டு, கூண்டின் வாய் புதர்ப்பக்கம் பார்த்திருக்க, பின்னால் நின்று கதவைத் தூக்குங்கள். வெளியேறச் சில நிமிடங்கள் ஆனாலும் குச்சியால் குத்தாதீர்கள்.

பதில் 2 (ஓய்வுபெற்ற செவிலி):

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நம் மாகாணத்தில் நாய்களிடையே வெறிநோய் நெடுங்காலமாக இருந்துவருகிறது. காட்டு விலங்குகளுக்கும் அது தொற்றும். விலங்கு தள்ளாடினாலோ, எச்சில் வடித்தாலோ, அஞ்ச வேண்டிய நேரத்தில் அஞ்சாமல் சாதுவாக நின்றாலோ, அதை விடுவிக்கவே வேண்டாம், உடனே அதிகாரிகளிடம் சொல்லிவிடுங்கள். தோல் கையுறை கடியைத் தடுக்கும் என்று நம்பாதீர்கள், ஜெனட்டின் பல் கூர்மையானது. கீறலோ கடியோ பட்டால், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காயம் சிறிது என்று நாளைக்குத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து, ஏனெனில் நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாது.

பதில் 3 (ஃபீனிக்ஸ் ஊரில் கோழி வளர்ப்பவர்):

ஜெனட் மரமேறும் விலங்கு. கோழிக்கூட்டுக்குக் கூரை இல்லையென்றால் எத்தனை முறை பிடித்தாலும் வேறொன்று வரும். அதன் தலை நுழையும் ஓட்டையில் உடலும் நுழைந்துவிடும். ஆகவே பெரிய கண்ணுடைய கோழிவலையைக் கழற்றிவிட்டு, நெருக்கமான பற்றவைத்த கம்பிவலையை நான்கு பக்கமும் மேற்புறமும் அடியுங்கள். இரவில் சேவல்களை உள்ளே அடைத்துவிடுங்கள். தெருவில் பொட்டலமாக விற்கும் எலிவிஷத்தை மட்டும் வைத்துவிடாதீர்கள்; அதில் ஆல்டிகார்ப் போன்ற கொடிய நஞ்சு இருக்கலாம், உங்கள் நாயும் பேரப்பிள்ளையும்கூட அதற்குப் பலியாகலாம். தோட்டத்து எலிகளைத் தின்பதும் இந்த ஜெனட்தான்.

மீண்டும் கேட்டவர்:

நன்றி. எசெம்வேலோவில் பேசினோம், அவர்களும் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னார்கள். ஆறரை மணிக்குப் பிறகு என் கணவர் கதவைத் தூக்கியதும், அது தலையை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, வேலியோரம் தாழப் பதுங்கி ஓடி மாமரத்தில் ஏறி மறைந்தது. கூண்டை மடித்து வைத்துவிட்டோம், சனிக்கிழமை கம்பிவலை வாங்கப் போகிறோம்.