தலைவாசல் நிலை, அறைக் கதவு: வேலூர்ப் பக்கத்தில் வீடு கட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

வேலப்பாடி புதுவீடு:
பேஸ்மட்டம் முடிந்து சுவர் எழும்பத் தொடங்கியிருக்கிறது. அடுத்த வளர்பிறையில் தலைவாசல் நிலை வைக்க வீட்டில் நாள் பார்த்துவிட்டார்கள். நவதானிய முடிச்சு, மஞ்சள், குங்குமம், நிலைக்கு அடியில் போடும் ஐம்பொன் துண்டு என்று சடங்கு முழுவதும் எல்லோருக்கும் மனப்பாடம். நிலையின் கனம் எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஒரு பதில். மரவாடியில் ஒன்று சொல்கிறார்கள், மேஸ்திரி வேறு சொல்கிறார், மாமனார் இரண்டையும் மறுக்கிறார். கட்டிக் குடியிருப்பவர்களும் கட்டிக் கொடுப்பவர்களும் பார்த்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

சத்துவாச்சாரி ஆசாரி வீடு:
ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சொல்வது ஒன்றுதான்: "கதவு சாத்த முடியவில்லை, இழைத்துக் கொடுங்கள்." அப்பா உடனே இழைப்புளியைத் தூக்க மாட்டார். "தை பிறக்கட்டும், பிறகு வருகிறேன்" என்பார். வந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மழையில் உப்பிய கதவை அப்போதே இழைத்தால், சித்திரையில் அது சுருங்கும்போது நிலைக்கும் கதவுக்கும் இடையில் விரல் போகும் சந்து விழும் என்பது அவர் கணக்கு. ஒருமுறை அவசரக்காரர் ஒருவர் வேறு ஆளை வைத்து இழைத்துக்கொண்டார். அக்கினி நட்சத்திரத்தில் அந்தச் சந்து வழியாகப் பல்லி வருகிறது என்று எங்களிடமே வந்து நின்றார்.

மரம் நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். வேலூரில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுகிறது, பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை ஈரம் வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் நன்றாகக் காயாத மரம் படாத பாடு படும். சட்டம் போட்டுப் பலகை இறக்கும் கதவில் பலகையைக் காடிக்குள், அதாவது சட்டத்தில் வெட்டிய பள்ளத்துக்குள், பசை இல்லாமல் சும்மா நிறுத்துவது இதற்காகத்தான். பசை போட்டு இறுக்கிவிட்டால் பலகை அசைய இடமில்லாமல் நடுவில் வெடிக்கும். "ஆசாரி பசை போடாமல் ஏமாற்றிவிட்டார்" என்று சண்டைக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. கதவின் முன்பக்கமும் பின்பக்கமும் பாலிஷ் பளபளவென்று இருக்கும். மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒன்றும் பூசாமல் வெறும் மரமாகவே விடப்பட்டிருக்கும். ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். பெயின்டர் வேலை முடித்ததாகச் சொன்னால், கதவின் தலையில் விரலை ஓட்டிப் பாருங்கள். கீழ் விளிம்பைக் கதவு மாட்டுவதற்கு முன்பே பூசச் சொல்லிவிடுங்கள், மாட்டிய பிறகு பிரஷ் போகாது.

மரவாடிக் கணக்கும் தெரிந்துகொண்டு போங்கள். மூன்றரைக்கு ஏழு அடி நிலை, மரம் ஐந்துக்கு மூன்று அங்குலம் என்றால், நான்கு பக்கமும் சேர்த்து 21 அடி ஓட்டம். கன அடியில் ஏறக்குறைய 2.2 வரும். இழைக்கும் முன் உள்ள அளவுக்குத்தான் காசு வாங்குவார்கள், அது வழக்கம்தான். மூன்று கன அடிக்குச் சீட்டு எழுதினால் ஏன் என்று கேளுங்கள். தலைவாசலுக்குத் தேக்கு, உள்ளே வேங்கை அல்லது வேம்பு என்பது எங்கள் பட்டறை வழக்கம். வேம்பு என்றால் சிலர் முகம் திருப்புகிறார்கள், அவர்களிடம் வாதாடிப் பயனில்லை.

காட்பாடி சைட் பொறியாளர்:
ஆசாரி வீட்டுக்காரர் சொன்னது கதவைப் பற்றி. நான் பார்த்த சிக்கல்களில் பாதி நிலை வைத்த அன்றே விதைக்கப்பட்டவை. நல்ல நேரம் முடியப் போகிறது என்று எல்லோரும் அவசரப்படுத்துவார்கள். தேங்காய் உடைத்த வேகத்தில் நிலை நிற்கும், தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. நான் ஐயரையும் மேஸ்திரியையும் கேட்டுக்கொண்டு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நல்ல நேரத்தில் நிலையை நிறுத்திப் பூஜை முடிக்கலாம். கூட்டம் கலைந்த பிறகு மட்டம் பார்த்து, முட்டுக் கொடுத்து, அப்புறம்தான் காங்கிரீட். இதுவரை எந்தத் தெய்வமும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

மூலைமட்டம் கையில் இல்லாவிட்டாலும் டேப் போதும். இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்தால் ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றரைக்கு ஏழு அடிக்கு மூலைக்கு மூலை சுமார் 7 அடி 10 அங்குலம் வரும். அரை அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் கதவு வெட்டும்போது ஆசாரி உங்களைத் திட்டுவார்.

நிலைக்காலுக்குப் பக்கத்துக்கு மூன்று ஹோல்டுஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிடிக்கும் இரும்புப் பட்டை), அதைச் சுற்றி செங்கல் துண்டு அடைக்காமல் காங்கிரீட். சுவரைத் தொடும் முதுகுப்பக்கத்துக்குத் தார் பூச வேண்டும். இல்லையென்றால் கரையான் உள்ளே இருந்து தின்றுகொண்டே வரும், வெளியே பெயின்ட் மட்டும் நிற்கும். சுவர் எழும்பும்போது நிலையின் நடுவில் குறுக்கே ஒரு கட்டை கொடுத்து வையுங்கள், கால்கள் உள்ளே வளையாது. நிலைக்கு மேலே வரும் காங்கிரீட் உத்தரமான லிண்டல் இரண்டு பக்கமும் குறைந்தது ஆறு அங்குலம் சுவர்மேல் உட்கார வேண்டும். சுமை லிண்டலுக்கு, நிலைக்கு அல்ல.

முக்கியமானது தரை மட்டம். நிலை வைக்கும்போது தரை வெறும் மண்ணாக இருக்கும். பிறகு காங்கிரீட், அதன்மேல் கலவை, டைல் என்று ஏறிக்கொண்டே போகும். டைல் முடிந்த மட்டத்தைச் சுவரில் முதலிலேயே கோடு போட்டு வைக்காத ஒரு வீட்டில், எல்லா அறைக் கதவையும் அடியில் அறுக்க வேண்டி வந்தது. ஃப்ளஷ் கதவை (உள்ளே சட்டம் வைத்து இரு முகமும் தகடு ஒட்டிய சமதளக் கதவு) அப்படி அதிகம் அறுத்தால் அடிச்சட்டம் போய்விடும், அப்புறம் அது கதவே இல்லை.

தோட்டப்பாளையம் அறை வாடகை:
மருத்துவமனைக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களுக்கு நாங்கள் அறை வாடகைக்கு விடுகிறோம். வங்காளத்திலிருந்து ஓர் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். குளியலறைக் கதவு இரண்டரை அடி என்றுதான் வரைபடத்தில் இருக்கிறது. நாற்காலி நுழையவில்லை. அப்போதுதான் டேப் எடுத்து அளந்தோம். இரண்டரை அடி என்பது நிலையின் வெளி அளவு. மூன்று அங்குலக் கால் இரண்டையும் கழித்தால் மிஞ்சும் வழி 24 அங்குலம். கதவு முழுவதும் மடங்காமல் நேராக நின்றால் அதன் கனம் இன்னும் கொஞ்சம் தின்றுவிடும். அந்த நாற்காலியின் அகலமே 25. மகன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார், ஒவ்வொரு முறையும்.

அடுத்த கோடையில் கீழ்த்தள அறைகளின் நிலைகளைப் பெயர்த்து மூன்றேகால் அடி வைத்தோம். 33 அங்குலம் வழி கிடைக்கிறது, சக்கரத்தைத் தள்ளும் கை நிலையில் இடிப்பதில்லை. கீழ்ப்படிக் கட்டையையும் எடுத்துவிட்டோம். குளியலறைக் கதவு இப்போது வெளிப்பக்கம் திறக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின்மேல் விழுந்தால், உள்ளே திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும் தாழ்ப்பாளும் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் வேலப்பாடிக்காரரும் இதை யோசிக்கலாம். "நமக்கு எதற்குச் சக்கர நாற்காலி" என்று என் கணவரின் அண்ணன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்குப் போன தையோடு எழுபது முடிந்தது.

குடியாத்தம் பழைய வீடு:
எங்கள் தாத்தா வீட்டுத் தலைவாசலில் கீலே கிடையாது. குடுமிக் கதவு. மேலும் கீழும் உள்ள குழிகளில் குடுமி சுழலும். வருடத்துக்கு ஒருமுறை விளக்கெண்ணெய் விட்டால் சத்தமில்லாமல் திறக்கும். வீட்டை இடித்தபோது அந்தக் கதவைப் புது வீட்டில் கீல் போட்டு மாட்டப் பார்த்தோம். கனம் தாங்காமல் மேல் கீல் திருகோடு பிடுங்கிக்கொண்டது. இப்போது ஐந்து அங்குலக் கீல் நான்கு போட்டு, மேலே இரண்டை அருகருகே வைத்திருக்கிறோம். நிற்கிறது. புது அறைக் கதவுகளுக்கு நான்கு அங்குலத்தில் மூன்று போதும் என்றார் ஆசாரி.

விருதம்பட்டு ஆற்றோரம்:
குளியலறைக்கு என்ன கதவு என்று யாரும் சொல்லவில்லையே. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது எங்கள் தெருவில் தண்ணீர் புகுந்தது. மலிவான ஃப்ளஷ் கதவுகள் எல்லாம் ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டன. பக்கத்து வீட்டு வேம்புக் கதவு காய்ந்து பழையபடி ஆனது. எங்கள் குளியலறை பிவிசி கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அது எப்போதும் தொளதொளவென்றுதான் இருக்கும். ஃப்ளஷ் கதவுதான் வேண்டும் என்றால் ஐஎஸ் 2202 (ஃப்ளஷ் கதவுக்கான இந்தியத் தரநிலை) முத்திரை இருக்கிறதா பாருங்கள், விளிம்பை ஈரம் படாமல் மூடுங்கள்.

ஆம்பூர்க் கொட்டகை:
வீடு இல்லை, தையல் கூடம் கட்டிய அனுபவம். வெளியேறும் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பைக் காட்டினார்கள். முதலாளிக்கு எரிச்சல், உள்ளே திறந்தால் வாசல் நடைபாதை மிஞ்சுமே என்றார். தீ என்றால் நூறு பேர் ஒரே நேரத்தில் கதவை நெருக்குவார்கள், உள்ளே இழுக்க இடம் இருக்காது என்று விளக்கிய பிறகுதான் இறங்கி வந்தார்.

காட்பாடி சைட் பொறியாளர்:
வேலப்பாடிக்காரரே, எந்தப் பக்கம் திறப்பது என்று கேட்டிருந்தீர்கள். அறைக் கதவு அறைக்குள், பக்கத்துச் சுவரோடு ஒட்டித் திறக்கட்டும். அந்தச் சுவரில் சுவிட்சுப் பெட்டி வைக்க எலக்ட்ரீஷியனை விடாதீர்கள். விட்டால் தினமும் கதவைச் சாத்திவிட்டு விளக்குப் போட வேண்டியிருக்கும். கீல் வரும் நிலைக்காலுக்கும் சுவர் மூலைக்கும் நடுவில் நாலு அங்குலமாவது விட்டுக் கட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் கைப்பிடி சுவரில் இடிக்காமல் கதவு முழுவதும் திறக்கும். இதை நாளைக் காலையிலேயே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள், சுவர் இன்னும் மூன்றடி ஏறிவிட்டால் இடித்துத்தான் மாற்ற வேண்டும்.