புதுப்பிப்பு: பாஞ்சோவின் இரைச்சல் எங்கிருந்து வந்தது?

ஐந்து தந்தி பாஞ்சோவில் மூன்றாம் தந்தியை மீட்டும்போதெல்லாம் ‘கிர்ர்’ என்ற உலோக இரைச்சல் சேர்ந்து ஒலிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். பாஞ்சோவின் முகப்பில் இழுத்துக் கட்டிய தோலை இறுக்கிப் பார்க்கும்படியும், அதன்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜை மாற்றும்படியும் பலர் கூறியிருந்தீர்கள். இரண்டுக்கும் தேவை ஏற்படவில்லை.

ஒலியை முன்னோக்கித் திருப்பும் பின்புறக் கிண்ணமான ரெசனேட்டரைக் கழற்றிவிட்டு மீட்டியபோதும் இரைச்சல் அப்படியே இருந்ததால், அதன் திருகுகள் காரணமல்ல என்பது உறுதியாயிற்று. பிறகு ஒரு கையால் மூன்றாம் தந்தியை மீட்டிக்கொண்டே, மறு கை விரலால் தோலை இழுத்துப் பிடிக்கும் கொக்கிகள், கையை ஊன்றும் ஆர்ம்ரெஸ்ட், தந்திகளின் அடிமுனைகளைப் பிடித்திருக்கும் டெய்ல்பீஸ் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அழுத்தினேன். டெய்ல்பீஸின் மூடியை அழுத்திய கணமே ஒலி தெளிந்தது. திறந்து பார்த்தால், தந்தியின் வெட்டுமுனை மூடியின் உட்புறத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. அதைக் குட்டையாக வெட்டி, மூடிக்கடியில் மெல்லிய ஃபெல்ட் துண்டொன்றை வைத்ததும் இரைச்சல் முற்றிலும் நின்றது.

எஞ்சியது, பிரிட்ஜுக்கும் டெய்ல்பீஸுக்கும் இடையிலுள்ள தந்திப் பகுதி தானாக அதிர்ந்து எழுப்பிய கூர்மையான ரீங்காரம். அங்கே தந்திகளுக்கிடையே சிறு ஃபோம் துண்டைச் செருகினேன்; அதுவும் அடங்கியது. தோலில் படும்படி பெரிதாக வைத்தால் பாஞ்சோவுக்கே உரிய துடிப்பும் மங்கிவிடும் என்பதால், துண்டு மிகச் சிறியதாக இருப்பதே நல்லது.

கொக்கி நட்டுகளில் தளர்ந்திருந்தவற்றை மட்டும் சிறிது சிறிதாக இறுக்கினேன். உள்ளே, கழுத்தை உடலின் வட்ட வளையத்தோடு இணைக்கும் கம்பியான கோஆர்டினேட்டர் ராடை நான் தொடவில்லை. அதை மிகையாக முறுக்கினால் வளையத்தின் வட்டம் கெட்டு, தந்திகளின் உயரமும் மாறிவிடும்.