“பால் பத்தலை” என்று முடிவு செய்வதற்கு முன்

பிரசவ வார்டுச் செவிலியர், மதுரை

வார்டில் அதிகக் கலவரம் இரண்டாம் நாள் ராத்திரிதான். பிறந்த அன்று தூங்கியே கழித்த பிள்ளை அன்றைக்கு விடிய விடிய அழும். மார்பில் வைத்தால் சப்பும், எடுத்தால் வீறிடும். கூட இருக்கிற பாட்டி, “பால் ஊறலை, டப்பாப் பால் வாங்கிட்டு வாங்கப்பா” என்று மருமகனை அனுப்பிவிடுவார். அந்த ராத்திரி வாங்குகிற டப்பாதான் பல வீட்டில் தாய்ப்பாலைக் கெடுக்கிறது. பிள்ளை அப்படி ஓயாமல் சப்பினால்தான் அடுத்த நாள் பால் இறங்கும். டப்பாப் பால் குடித்து அயர்ந்துவிட்டால் மார்பு சும்மா கிடக்கும், சுரப்பும் ஏறாது.

அளவைத் தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். முதல் 24 மணி நேரத்தில் பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பதே 2 முதல் 10 மில்லி சீம்பால்தான். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 மில்லி. முதல் நாளே புட்டியில் 30 மில்லியைக் குடித்து முடித்ததைப் பார்த்து, “பாவம், எவ்வளவு பசி” என்பார்கள். புட்டி ரப்பரில் பால் தானாக வடிகிறது, வாயில் விழுந்ததைப் பிள்ளை விழுங்கித்தான் ஆகவேண்டும். அதைப் பசிக்கு அளவாக எடுக்கக் கூடாது.

அழுகையை விட்டுவிட்டு ஈரத் துணியை எண்ணுங்கள். முதல் நாள் 1, இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 3 என்று ஏறி, ஆறாம் நாளிலிருந்து 6க்குக் குறையாமல் இருக்க வேண்டும். பழைய வேட்டித் துணியில் இது உடனே தெரியும். டயப்பரில் தெரியாது, புது டயப்பர் ஒன்றில் 3 மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள், நனைந்த டயப்பரின் கனம் பிடிபட்டுவிடும். தார் மாதிரி கறுப்பாகப் போகிற மலம் பச்சை கலந்து, ஐந்தாம் நாளுக்குள் கடுகு அரைத்த மஞ்சளுக்கு வரவேண்டும். இரண்டு, மூன்றாம் நாளில் துணியில் செங்கல் பொடி நிறத்தில் கறை பட்டால் பயமில்லை. நான்காம் நாளுக்குப் பிறகும் பட்டால் பால் போதவில்லை, டாக்டரிடம் காட்டுங்கள். எடை முதலில் குறையத்தான் செய்யும். 3 கிலோ பிள்ளை 300 கிராமுக்கு மேல் இறங்கக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும்.

சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்க ஒரு நாள் கூடுதலாகலாம். முதுகில் ஊசி போட்டுச் செய்கிற ஆபரேஷனில் தாய் விழித்தேதான் இருக்கிறார், ஒருவர் கூடமாட நின்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பால் கொடுக்கலாம். தையல் வலித்தால் பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கி, கால் முதுகுப் பக்கம் போகும்படி பிடியுங்கள். வயிற்றில் பாரம் விழாது.

தாய்ப்பால் ஆலோசகர், கோயம்புத்தூர்

மதுரை அக்கா சொன்ன ஈரத் துணி எண்ணிக்கை குறைகிறதென்றால், நான் முதலில் பார்ப்பது பிள்ளை மார்பைப் பற்றும் விதத்தை. பால் குடித்து விட்டதும் காம்பைக் கவனியுங்கள். உருண்டையாக நீண்டிருந்தால் சரி. புது லிப்ஸ்டிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிவாக நசுங்கி, ஓரம் வெளுத்திருந்தால் பிள்ளை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறது. வெடிப்பு, ரத்தம், பால் குறைவு மூன்றுக்கும் அதுதான் காரணம், களிம்பு தடவி ஆறாது. மூக்குக்கு நேரே காம்பைக் காட்டி, வாய் கொட்டாவி விடுகிற அளவு திறந்ததும் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். தாடை மார்பில் அழுந்த வேண்டும், கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். கருவளையம் மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. “க்ளக் க்ளக்” என்று சத்தம் வந்தால் சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியை எடுத்து மறுபடி வையுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை, ராத்திரியும் சேர்த்து.

பால் கட்டிக்கொண்டால் மார்பு கல்லாகிக் காம்பு உள்ளே போய்விடும். பிள்ளைக்குப் பிடி கிடைக்காது, பால் இன்னும் கட்டும். குடிக்க வைப்பதற்கு முன் ஐந்து விரல் நுனியையும் காம்பைச் சுற்றி வைத்து, நெஞ்சை நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், கருவளையம் இளகும். பிறகு கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே வைத்து, முதலில் பின்னால் தள்ளி அப்புறம் அமுக்கிக் கொஞ்சம் பீய்ச்சி எடுங்கள். தோலில் விரலை இழுக்கக் கூடாது. குடித்த பிறகு குளிர்ந்த துணி. மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொல்வார்கள். அது பாலை வற்றவைக்கச் செய்கிற முறை, பிள்ளைக்குக் கொடுக்கிறவர்கள் தொடவே வேண்டாம். ஒரு பக்கம் சிவந்து, காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள்; நிறுத்தினால் சீழ் கட்டக்கூடும்.

கிராம சுகாதார செவிலியர், தென்காசி

வீட்டுக்குப் போனால் முதலில் கேட்பது “சேனை வச்சாச்சா?” என்பதைத்தான். சர்க்கரைத் தண்ணீரைப் பெரியவர் கையால் நாக்கில் வைப்பது பாசம்தான், மறுக்க மனசு வராது. ஆனால் அந்தத் தண்ணீரும் விரலும் சுத்தமில்லையென்றால் வயிற்றுப்போக்கு. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சைப் பிள்ளையின் குடலில் வளர்ந்து உடம்பைத் தளர்த்திவிடும். பெரியவரே முதல் பாலுக்குப் பிள்ளையைத் தூக்கித் தாயிடம் கொடுக்கட்டும் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

பத்தியத்தில் பூண்டு, பால்சுறா, முருங்கைக்கீரை எல்லாம் நல்லதே. தண்ணீரைக் குறைப்பதுதான் தப்பு. மலச்சிக்கலில் தையல் படாத பாடு படும். ஒவ்வொரு தடவை பால் கொடுக்கும்போதும் ஒரு சொம்பு பக்கத்தில் இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியமும் 180 நாள் தொடர வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது.

பிள்ளைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்க ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சம். பிள்ளையின் நெற்றியையும் நெஞ்சையும் விரலால் அமுக்கி எடுத்தால் அடியில் இருக்கும் நிறம் தெரியும். குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாப் பிள்ளையும் மஞ்சள்தான். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, பாதம் வரை இறங்கினாலோ, பிள்ளை பாலுக்கு எழாமல் துவண்டு கிடந்தாலோ வெயிலில் காட்டிக்கொண்டிருக்காதீர்கள். ஆஸ்பத்திரி நீல விளக்கு வேண்டும்.

பிரசவ வார்டுச் செவிலியர், மதுரை

தாயையும் பாருங்கள், எல்லாரும் பிள்ளையையே சுற்றி நிற்கிறோம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனைந்தால், எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தால், தலைவலியோடு கண் மங்கினால் விடியட்டும் என்று இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள். மூன்று, நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வரும், போய்விடும். இரண்டு வாரம் தாண்டியும் அழுகை நிற்கவில்லை, பிள்ளையைத் தூக்கவே பிடிக்கவில்லை, பிள்ளை தூங்கும்போதும் தூக்கம் வரவில்லை என்றால் அதற்கு வைத்தியம் உண்டு. பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகளும் இருக்கின்றன.