இந்தியா சுத்தி மக்களோட அரசியல் பார்வைய தெரிஞ்சிக்கணும், பாண்டில இருந்து எங்க ஆரம்பிக்கலாம்?

முத்தியால்பேட்டை_பையன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சேதராப்பட்டுல ஒரு கம்பெனில வேலை பாக்குறேன், என் ஷிப்ட்ல உ.பி. கோரக்பூர்காரர் ஒருத்தர் இருக்காரு, ரொம்ப நல்ல மனுசன். கேன்டீன்ல தொகுதி மறுவரையறை பத்தி பேச்சு வந்துச்சு. 1971 கணக்கெடுப்ப வச்சி எந்த மாநிலத்துக்கு எத்தன எம்பின்னு நிறுத்தி வச்சிருக்காங்க, தமிழ்நாட்டுக்கு 39, இப்ப இருக்குற ஜனத்தொகைய வச்சி அத மாத்தினா குடும்பக் கட்டுப்பாட்ட ஒழுங்கா செஞ்சவங்களுக்கே அடி விழும்னு நான் சொன்னேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, எங்க ஊர்ல ஒரு எம்பி பாத்துக்குற ஜனம் உங்க ஊர விட ஜாஸ்தி, அப்போ என் ஓட்டுக்கு மட்டும் மதிப்பு கம்மியான்னாரு. எனக்கு இப்பவும் நம்ம பக்கம்தான் நியாயம்னு தோணுது, ஆனா அவர் கேட்ட கேள்விய இங்க நான் யார் வாயிலயும் கேட்டதே இல்ல.

அடுத்த வேலைல சேர்றதுக்கு நடுவுல கொஞ்ச நாள் கிடைக்குது. பாண்டில இருந்து டெல்லிக்கும் ஹவுராவுக்கும் வாரம் ஒரு வண்டி இருக்கு, ஸ்லீப்பர்ல போய் இறங்கி இறங்கி ஜனங்ககிட்ட பேசலாம்னு பாக்குறேன். இந்தி அரைகுறைதான். எந்தெந்த ஊருக்கு போகணும், அரசியல் பேச்ச எப்படி ஆரம்பிக்கிறது? எந்த கட்சின்னு கேட்டா முகத்த திருப்பிக்க மாட்டாங்களா?

பாகூர்_ஏரிக்கரை:
தம்பி, டெல்லிக்கு டிக்கெட் போடு, வேணாம்னு சொல்லல, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு நாள் பாகூர் பக்கம் வா. இங்க பாண்டி எல்லையும் கடலூர் எல்லையும் பின்னிக் கிடக்கும், வண்டில போனா எப்ப தமிழ்நாட்டுக்குள்ள போனோம் எப்ப திரும்ப வந்தோம்னே தெரியாது. ரெண்டு பக்கமும் ஒரே ஜாதி ஜனம், பொண்ணு குடுத்து பொண்ணு எடுக்குறவங்க, ஒரே கோயில் திருவிழா. ஆனா ரேஷன பத்தி பேசிப் பாரு. அந்தப் பக்கம் 2011ல இருந்து அரிசி சும்மா கிடைக்குது. நம்ம பக்கம் பல வருஷம் அரிசிக்கு பதிலா பேங்க்ல காச போட்டுட்டு கடைய மூடிட்டாங்க, 2024 தீபாவளி சமயத்துலதான் திரும்ப திறந்தாங்க. அந்த காசு வீட்டு ஆம்பள கைக்கு போனா அரிசியா வராதுன்னு சொல்ற அம்மாவும் இருக்காங்க, புழுத்த அரிசிக்கு காசே தேவலன்னு சொல்றவங்களும் இருக்காங்க.

கட்சிய கேக்காத. "ஒரு சர்டிபிகேட்டு, பென்ஷன் நிக்குதுன்னா யார போய்ப் பாப்பீங்க"ன்னு கேளு. பாண்டில ஏறக்குறைய 10 லட்சம் ஓட்டுக்கு 30 எம்எல்ஏ, தொகுதிக்கு முப்பதாயிரம் சொச்சம்தான். தமிழ்நாட்டுல ஒரு தொகுதில சராசரியா ரெண்டு லட்சத்துக்கு மேல. அதனால நம்ம ஊர்ல காலைல எம்எல்ஏ வீட்டு வாசல்ல நின்னா அவரே பேர சொல்லி கூப்பிட்டு என்னம்மா விஷயம்னு கேப்பாரு, கொடி எந்த கலரா இருந்தா என்னன்னு ஜனம் ஆளுக்கு ஓட்டு போடும். 2021ல ஆறு சுயேச்சை ஜெயிச்சது சும்மாவா. ஆந்திரா பக்கம் இருக்குற நம்ம ஏனாம்ல, அந்த வருஷம் முதலமைச்சர் ஆன ரங்கசாமியவே ஒரு சுயேச்சை தோக்கடிச்சாரு. அதே யூனியன் பிரதேசம்தான் மாஹே, ஆனா அங்க கேரளா மாதிரி காங்கிரசா கம்யூனிஸ்டான்னுதான் பேச்சு.

வீராணம்_பாசனம்:
காட்டுமன்னார்கோயில் பக்கம் விவசாயி நான். மண்டிக்கு வெளியவும் தனியார் வாங்கலாம்னு வந்த வேளாண் சட்டம் மூணையும் எதிர்த்து பஞ்சாப் விவசாயிங்க டெல்லி எல்லைல உக்காந்திருந்தப்ப, 2021 ஆரம்பத்துல எங்க சங்கத்து ஆளுங்களோட சிங்கு போயிருந்தேன். டிராக்டர் டிரெய்லர்ல வைக்கோல் பரப்பி, மேல மெத்தைய போட்டு, தார்ப்பாய் கட்டி குடும்பம் மாதிரி இருந்தாங்க. ஒரு சர்தார் பெரியவரு கைல ரொட்டிய குடுத்துட்டு, உங்க நெல்ல யாரு வாங்குறான்னு கேட்டாரு. கொள்முதல் நிலையத்துல கொட்டி வச்சிட்டு காத்துக் கிடக்குறது, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல போனா காய வச்சி கொண்டான்னு திருப்புறது, நடுவுல மழை பிடிச்சா முளைச்சிப் போறது, எல்லாத்தையும் பக்கத்துல நின்ன பையன் இந்தில சொன்னான். அவருக்கு நம்பவே முடியல. அவங்க ஊர்ல மண்டிக்கு கொண்டு போனா கோதுமை, நெல் ரெண்டும் ஆதார விலைக்கு கவர்மென்ட் எடுத்துக்குது. நடுவுல ஆர்த்தியான்னு ஒரு கமிஷன் ஏஜென்ட், அவர்தான் பொண்ணு கல்யாணத்துக்கும் கடன் குடுப்பாரு. மண்டி போனா அவங்களுக்கு மொத்த வாழ்க்கையும் ஆட்டம் காணும், அதான் ஒரு வருஷம் ரோட்ல உக்காந்தாங்க.

பீகார்ல 2006லயே மண்டி சட்டத்த எடுத்துட்டாங்க, அங்க வியாபாரி சொன்னதுதான் விலை, இழக்குறதுக்கு மண்டியே இல்லாதவன் அந்த சட்டத்துக்கு எதுக்கு கோவப்படணும்? தம்பி, டிவில கத்துறத வச்சி பஞ்சாப்காரன் இப்படி பீகார்காரன் அப்படின்னு முடிவு பண்ணாம அவன் விளைச்சல் எந்த வழியா எங்க போகுதுன்னு பின்னாடியே போய்ப் பாரு.

சிதம்பரம்_மேலவீதி:
ரெண்டு பேரும் சொன்னது சரிதான், ஆனா எல்லாத்தையும் ரேஷன், மண்டின்னு சுருக்கிடாதீங்க. 1965 ஜனவரில அண்ணாமலை யுனிவர்சிட்டி மாணவர் ராஜேந்திரன் இந்தி எதிர்ப்பு போராட்டத்துல போலீஸ் சுட்டு செத்தாரு. அவர் அரிசிக்காகவா போனாரு? மொழி, மரியாதை, ஜாதில பட்ட அவமானம் இதெல்லாம் வயித்துக்கு சம்பந்தமில்லாமலே ஓட்ட முடிவு பண்ணும். வடக்க போய் அரைகுறை இந்தில பேசும்போது, நீங்க ஏன் இந்தி படிக்கலன்னு கண்டிப்பா கேப்பாங்க. கோவப்படாம இந்த கதைய சொல்லு, அவங்களும் மனசுல இருக்குறத சொல்லுவாங்க.

திருப்பாப்புலியூர்_மலர்:
இவ்ளோ பேர் சொன்னதுல ரயில், மண்டி, டீக்கடைன்னு எல்லாமே ஆம்பளைங்க நிக்கிற இடமாவே இருக்கே? வீட்டுக்காரர் வேலைக்காக நாங்க பாட்னால இருந்தோம். 2016 ஏப்ரல்ல பீகார்ல மதுவிலக்கு வந்துச்சு. எங்க தெருவுக்கு காய் கொண்டு வர்ற அம்மா, இப்பதான் சாயங்காலம் ஆனா பயமில்லாம இருக்கேன்னு சொல்லும், ஓட்டும் அதுக்குதான்னு வெளிப்படையா சொல்லும், வீட்டுக்காரன் வேற ஆளுக்கு போடுவானாம். அதே ஊர்ல முசஹர்ங்குற தலித் ஜனங்க இருக்குற டோலா பக்கம் போனா, எங்க ஆளுங்களதான் புடிச்சி ஜெயில்ல போடுறாங்க, பணக்காரன் வீட்டுக்குள்ள குடிக்கிறான்னு பொம்பளைங்களே அழுதாங்க. ரெண்டும் நிஜம். பாண்டில இருந்து போற பையன் இத கண்டிப்பா கேக்கணும், நம்ம ஊர்ல சாராயக்கடை இல்லாத தெரு எங்க இருக்கு சொல்லுங்க.

தம்பி, தனியா ஒரு பையன் போய் பொம்பளைங்ககிட்ட பேச முடியாது, பேசவும் கூடாது. அந்த கோரக்பூர்காரர் லீவுக்கு ஊருக்கு போகும்போது கூட போ. அவங்க அம்மா, அக்கா இருக்குற வீட்ல ரெண்டு நாள் தங்கு, அவங்களே பேசுவாங்க.

முத்தியால்பேட்டை_பையன்:
மலர் அக்கா, இன்னைக்கே அவர்கிட்ட கேட்டேன், அவருக்கு ரொம்ப சந்தோஷம். அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் மனசுல நிக்குது, இங்க வந்ததுல இருந்து அவர் ஓட்டே போடலயாம். பேரு ஊர்ல இருக்கு, போய் வர லீவும் கிடைக்காது, டிக்கெட் காசும் கட்டாது. வெளியூர்ல இருந்தே ஓட்டு போட ஒரு மிஷின் தயாரா இருக்குன்னு 2022 கடைசில தேர்தல் கமிஷன் அறிவிச்சுச்சே, அது வந்தா நல்லா இருக்கும்னாரு. பாகூர் அண்ணே, ஞாயித்துக்கிழமை வரலாமா? வீராணம் ஐயா, பஞ்சாப் எப்ப போனா மண்டிய பாக்கலாம்?

வீராணம்_பாசனம்:
கோதுமைன்னா ஏப்ரல், நெல்லுன்னா அக்டோபர். கன்னா மண்டிக்கு போ, ஆசியாவுலயே பெரிய தானிய மண்டின்னு சொல்லுவாங்க. லூதியானால இருந்து பஸ் இருக்கு. விடியக்காலைலயே போயிடு.

பாகூர்_ஏரிக்கரை:
ஞாயிறு வா தம்பி. மதியம் சாப்பாடு நம்ம வீட்லதான்.